அரசு ஊழியர், தொகுப்பூதியம், சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புதிதாக அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத ஒற்றை மாதத் தொகையில், வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள், பஸ் ஓடாத நாளில் கோபப்படும் பொதுமக்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் சங்கத்தின் பக்கம் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் ஊழியருக்குப் பாதகமாக இருக்கும் இடங்களையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்; தெரியாமல் களத்தில் இறங்கி அடிபடுவதைவிடத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அரசு ஊழியர் சங்கத்தில் சேரலாமா? மேலதிகாரி தடுக்க முடியுமா?

தாராளமாகச் சேரலாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. அரசு அங்கீகரித்த சங்கத்தில் மட்டும்தான் ஊழியர் இருக்க வேண்டும் என்ற விதி செல்லாது என்று ஓ.கே.கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அமைதியான ஆர்ப்பாட்டம் நடத்துவதை அடியோடு தடை செய்ய முடியாது என்று தீர்ப்பளித்த காமேஷ்வர் பிரசாத் வழக்கும் அதே ஆண்டில்தான் வந்தது. உணவு இடைவேளை ஆர்ப்பாட்டத்துக்கும் கறுப்பு பேட்ஜுக்கும் மாலை நேரத் தர்ணாவுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது இந்த வழியில்தான். காவல்துறைக்கு மட்டும் தனிச்சட்டம், தனிக் கட்டுப்பாடு.

அரசியல் கட்சி விஷயம் வேறு. நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக முடியாது. சங்கத்துக்குச் சந்தா கட்டுவதையும் கட்சிக்கு வேலை செய்வதையும் ஒன்றாக்கிப் பேசி மிரட்டும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

வேலைநிறுத்தம் செய்ய உரிமை உண்டா?

அரசுத் துறை ஊழியருக்குச் சட்டப்படி இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இல் 22-ஆம் விதி அதைத் தடை செய்கிறது. ஆனால் இந்த ஒரு வரிப் பதிலோடு நிறுத்தினால் நடந்தது எதுவும் புரியாது. 2003-க்குப் போக வேண்டும்.

ஓய்வூதியப் பலன்களிலும் விடுப்புச் சரண்டரிலும் (எடுக்காத விடுப்பைப் பணமாக்குவது) அரசு கைவைத்ததை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலை 2 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டு அமைப்பான ஜாக்டோ-ஜியோ உள்ளிட்ட கூட்டமைப்புகள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கின. முந்தைய ஆண்டே இயற்றி வைத்திருந்த டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை ஜெயலலிதா அரசு ஓர் அவசரச் சட்டத்தால் மேலும் கடுமையாக்கியது. தலைவர்கள் நள்ளிரவில் வீட்டிலிருந்து கைது செய்யப்பட்டார்கள். விசாரணையும் விளக்கம் கேட்பதும் இல்லாமல் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். குறைந்தபட்சம் ஒரு மெமோவாவது வரும் என்று நினைத்தவர்களுக்கு நேரடியாக டிஸ்மிஸ் உத்தரவு வந்தது.

சிஐடியு தலைவர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி 22-ஆம் விதியை மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களே திரும்பப் பணிக்கு வர முடிந்தது. தார்மீக உரிமைகூட இல்லை என்ற அந்த வாசகம்தான் இன்றும் மனதை அறுக்கிறது. சட்ட உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. பேச்சுவார்த்தைக்கே அழைக்காத அரசிடம் லட்சக்கணக்கானோர் வேறு எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

ஆனால் கதை நீதிமன்றத்தோடு முடியவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஊழியர் மீதான நடவடிக்கைகளை அதே அரசு விலக்கிக்கொண்டது. வேலைநிறுத்த உரிமை சட்டத்தில் இல்லை என்பதும், வேலைநிறுத்தம் நடந்துகொண்டே இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

17(ஏ), 17(பி) என்கிறார்களே, அது என்ன?

தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு) விதிகளில் இரண்டு பிரிவுகள். 17(ஏ) சிறு தண்டனைக்கானது. 17(பி) பெரிய தண்டனைக்கானது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை என்று நீளும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வருவது சிரமம். தண்டனை கடைசியில் என்ன ஆனாலும், இழுத்தடிப்பதே ஒரு தண்டனையாகிவிடுகிறது.

2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த ஜாக்டோ-ஜியோ போராட்டத்தில் ஏராளமானோருக்கு 17(பி) வந்தது. கைது, இடமாற்றம், சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்ந்து வந்தன. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், அவற்றை ரத்து செய்வதாக அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஓய்வுபெற வேண்டியிருந்தவர்கள் பட்ட பாடு தனி. மெமோ கையில் கிடைத்தால் பெற்ற தேதியைக் குறித்துக் கையெழுத்திடுங்கள், நகல் எடுத்து வையுங்கள். சங்கத்தில் ஒருவரிடம் காட்டாமல் பதில் எழுதாதீர்கள்.

சிபிஎஸ் என்பதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போனது. அவர்களுக்கு வந்தது சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். மத்திய அரசு தன் ஊழியர்களுக்குப் புதிய திட்டத்தை 2004 ஜனவரி 1 முதல்தான் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதற்கும் முந்திக்கொண்டது.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால், சிபிஎஸ் என்ற வரிக்கு நேராக 6,000 ரூபாய் பிடித்தம் இருக்கும். அரசும் அதே அளவு போட வேண்டும். மற்ற பெரும்பாலான மாநிலங்கள் இந்தப் பணத்தைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பில் விட்டன. தமிழ்நாடு அதில் சேரவே இல்லை. பணம் அரசின் பொறுப்பிலேயே இருந்தது. ஓய்வுபெறும் நாளில் கைக்கு ஒரு மொத்தத் தொகை வந்தது, அவ்வளவுதான். மாதாமாதம் எதுவும் வரவில்லை. பணிக்கொடையும் இல்லை. இருபது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியை, அந்தத் தொகையை மகளின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் கொடுத்துவிட்டு அடுத்த மாதச் செலவுக்கு யார் முகத்தைப் பார்ப்பார்? பழைய திட்டத்தில் கடைசிச் சம்பளத்தில் பாதி வந்தது, அகவிலைப்படியோடு உயர்ந்தது, அவருக்குப் பின் குடும்பத்துக்கும் போனது. சிபிஎஸ் பறித்தது இந்த நிச்சயத்தைத்தான்.

குழுக்களுக்குப் பஞ்சமில்லை. 2016-இல் ஒன்று அமைத்தார்கள். தலைவர் மாறி, 2018-இல் அறிக்கை தந்தது. 2025-இல் ககன்தீப் சிங் பேடி தலைமையில் இன்னொன்று. பழைய திட்டம் திரும்பும் என்பது 2021-இல் திமுகவின் தேர்தல் வாக்குறுதி. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் ஆகிய மாநிலங்கள் 2022, 2023-இல் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தபோது இங்கே கொதிப்பு கூடியது. மேற்கு வங்கம் பழைய திட்டத்தை விட்டு வெளியேறவே இல்லை.

இப்போது பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

பாதி. 2026 ஜனவரி 3 அன்று முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், அகவிலைப்படி உயர்வு, குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாம் அதில் உண்டு. ஊழியரிடம் 10 சதவீதப் பிடித்தம் மட்டும் தொடரும். ஜாக்டோ-ஜியோ தான் அறிவித்திருந்த வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. பிடித்தமே இல்லாத பழைய திட்டம்தான் வேண்டும் என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பாதிச் சம்பளம் முழுதாகக் கிடைக்க 25 ஆண்டு பணி வேண்டும்.

என் கணிப்பில் இது பெரிய வெற்றி. இருபது ஆண்டுகளாக, முடியவே முடியாது என்று எல்லா அரசுகளும் சொன்ன ஒன்றைச் சங்கங்கள் விடாமல் நின்று வாங்கின. ஆனால் இந்த வெற்றி யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள காலமுறை ஊதியத்தில் இருப்பவர்களுக்கு. மற்றவர்கள் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தின் மீதிக் கேள்விகள் பெரும்பாலும் அவர்களைப் பற்றியவை.

இடைநிலை ஆசிரியர்கள் ஏன் சென்னை டிபிஐ (பள்ளிக் கல்வி இயக்கக) வளாகத்தில் உண்ணாவிரதம் இருக்கிறார்கள்?

ஒருநாள் வித்தியாசம். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 5,200. படிப்பு அதேதான், வகுப்பும் அதேதான். ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில் இருக்கும் இருவருக்கு நடுவே 3,170 ரூபாய் பள்ளம். அடிப்படைச் சம்பளத்தில் விழுந்த பள்ளம் அகவிலைப்படியிலும், வீட்டு வாடகைப்படியிலும், அடுத்த ஊதியக்குழுவிலும் பெருகிக்கொண்டே போகும். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு அவர்கள் பலமுறை குடும்பத்தோடு, கைக்குழந்தையோடு சென்னைக்கு வந்து படுத்திருக்கிறார்கள்.

தொகுப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம், அவுட்சோர்சிங்: வித்தியாசம் என்ன?

காலமுறை ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளம், ஆண்டு ஊதிய உயர்வு, படிகள் எல்லாம் உண்டு. சிறப்புக் காலமுறை ஊதியம் அதன் சிறிய நிழல். சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் இதில் வருவார்கள். தொகுப்பூதியம் என்பது மாதம் இவ்வளவு என்ற ஒற்றைத் தொகை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவுட்சோர்சிங்கில் உங்கள் முதலாளியே வேறு. அரசு ஆஸ்பத்திரியில் துடைப்பீர்கள், சம்பளம் ஒப்பந்த நிறுவனம் தரும், புகார் சொன்னால் இரண்டு பக்கமும் கையை விரிப்பார்கள்.

எடுத்துக்காட்டுகள் கண்முன்னே இருக்கின்றன. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாயில் எடுக்கப்பட்டார்கள். 12,500 ஆவதற்கு 2024 ஆனது. பணி நிரந்தரம் இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. டாஸ்மாக் சில்லறைக் கடைகள் 2003-இல் தொடங்கியதிலிருந்து மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் தொகுப்பூதியத்திலேயே இருக்கிறார்கள். அரசின் கஜானாவை நிரப்பும் கடையில் நிற்பவருக்கே இந்த நிலை.

சத்துணவு மையத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். காலையில் அரிசியும் பருப்பும் அளந்து போட வேண்டும், முட்டையை எண்ணி வேகவைக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும், மதிய மணி அடிப்பதற்குள் சாதம் தயாராக வேண்டும். இடையில் வருகைக் கணக்கு, இருப்புப் பதிவேடு. காலிப்பணியிடங்களை நிரப்பாததால் ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களுக்கு ஓடுகிறார். சமையலர் இல்லாத மையத்தில் உதவியாளரே எல்லாம் செய்கிறார். 1982-இல் எம்ஜிஆர் விரிவுபடுத்தியபோது நாடே திரும்பிப் பார்த்த திட்டம் இது. அதைத் தோளில் சுமந்த பெண்கள் ஓய்வுபெற்றபோது அவர்களுக்கு நீண்ட காலம் கிடைத்த சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் சொன்னது அவர்களுக்குப் பெரிய ஆயுதம்.

சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் போராடியது எதற்காக?

மாநகராட்சியின் 5, 6-ஆம் மண்டலங்களான ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனது. அங்கே ஏற்கெனவே பல ஆண்டுகளாக வேலை செய்துவந்தவர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 23,000 ரூபாய் அளவில் வாங்கிய சம்பளம் 16,000 அளவுக்குச் சரியும் என்பதும், இத்தனை நாள் மாநகராட்சிக்கு உழைத்துவிட்டு இனி தனியாரிடம் கை ஏந்த வேண்டுமா என்பதும் அவர்கள் கேட்டவை. வெள்ளத்திலும் கொரோனாவிலும் இந்த நகரத்தைத் துடைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நடைபாதையை விட்டு அப்புறப்படுத்தச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், ஆகஸ்ட் 13 நள்ளிரவில், சுதந்திர தினத்துக்கு ஒருநாள் முன்னதாக, போலீஸ் அவர்களைத் தூக்கிச் சென்றது.

அந்த நாட்களில் பல தோழமைச் சங்கங்கள் வந்து நின்றன. ஆனால் நிரந்தர அரசு ஊழியர்களின் பெரிய அமைப்புகள் மாநிலம் முழுவதும் ஒருநாளாவது அவர்களுக்காக வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்று குப்பை வண்டி, நாளை குடிநீர்ப் பம்பு, மறுநாள் தட்டச்சர் நாற்காலி. 2022-இல் அரசாணை 115 மூலம் அமைத்த குழுவின் ஆய்வு வரம்பில் சி, டி பிரிவு எனும் கீழ்நிலைப் பணிகளை அவுட்சோர்சிங்கில் விடும் யோசனை இருந்ததும், சங்கங்கள் கொதித்த பிறகே அந்த வரம்புகள் ரத்தானதும் மறந்துவிடக் கூடியதா?

ஒப்பந்த ஊழியர் நிரந்தரம் கேட்க சட்டம் இருக்கிறதா?

தமிழ்நாட்டுக்கென்று ஒன்று இருக்கிறது. தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி அளித்தல்) சட்டம், 1981. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் ஆக வேண்டும் என்கிறது. தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனுப் போடலாம். வருவாய்த்துறை அலுவலகம் போன்ற அரசுத் துறைகளுக்கு இது நேரடியாக உதவாது. வாரியம், கழகம் என்றால் உங்கள் நிறுவனம் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 480 நாள் முடியும் முன் சில நாள் வேலையை விட்டு நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும் தந்திரம் எங்கும் நடப்பதுதான்.

அரசுத் துறைகளில் குறுக்கே நிற்பது 2006-இன் உமாதேவி தீர்ப்பு: முறையான தேர்வு இல்லாமல் வந்தவருக்கு நிரந்தரம் உரிமையாகாது. அதைக் காட்டியே அதிகாரிகள் எல்லா மனுவையும் தள்ளிவந்தார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், பல்லாண்டு தொடர்ந்து தேவைப்படும் வேலையில் ஆட்களைத் தற்காலிகமாகவே வைத்துச் சுரண்ட உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்றது. அதிலிருந்த மனுதாரர்கள் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்கள். தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் பொருந்தும் என்ற 2016-இன் ஜக்ஜித் சிங் தீர்ப்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எங்களைப் பாதிக்குமா?

தலைமைச் செயலக உதவியாளரை நேரடியாகப் பாதிப்பது குறைவு. போக்குவரத்து, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றில் இருப்போரைக் கட்டாயம் பாதிக்கும். 29 சட்டங்களை மடித்து நான்காக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு இனி எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயம். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். ஒரு பணிமனைக்குள் ஆறேழு சங்கக் கொடிகள் பறக்கும் நம் போக்குவரத்துக் கழகங்களில் இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். பல கொடி இருப்பது தவறில்லை. கோரிக்கைப் பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு எங்களையே அலைய விடுகிறீர்களே?

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். லஞ்சம் கேட்கும் ஊழியரைச் சங்கம் காப்பாற்றக் கூடாது. சில இடங்களில் காப்பாற்றுகிறது, அது வெட்கக்கேடு. ஆனால் 2018 ஜனவரியில் எட்டு நாள் அரசு பஸ் ஓடாமல் இருந்ததற்கு ஊதிய உயர்வோடு இன்னொரு முக்கியக் காரணம், ஓய்வுபெற்ற ஓட்டுநர், நடத்துநர்களுக்குப் பணிக்கொடையும் சேமநல நிதியும் ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது. சம்பளத்தில் பிடித்த பணம் கழகத்தின் அன்றாடச் செலவுக்குப் போனது என்பது தொழிலாளர் வைத்த புகார். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது நடந்தால் நீங்களும் வண்டியை நிறுத்துவீர்கள். இன்னொன்று: தாலுகா ஆபீஸில் உங்கள் மனு நகராமல் கிடப்பதற்குப் பல இடங்களில் காரணம் காலி நாற்காலி. ஒருவரே மூன்று இருக்கையின் கோப்புகளைப் பார்க்கிறார். பணியிடங்களை நிரப்பு என்ற சங்கத்தின் கோரிக்கை உங்களுக்காகவும்தான்.

நான் ஒப்பந்த ஊழியர். இன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

வேலை செய்த நாளுக்குச் சான்று சேருங்கள். வருகைப் பதிவேட்டுப் பக்கத்தை மாதம் ஒருமுறை செல்போனில் படம் எடுங்கள். அடையாள அட்டை, இஎஸ்ஐ எண், பிஎஃப் யுஏஎன் எண், வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஒப்பந்த நிறுவனம் மாறினால் பழைய அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் இருபுறமும் நகல் எடுங்கள். புதிய நிறுவனம் உங்களைப் புது ஆள் என்று எழுதினால், நீங்கள் அதே வார்டில் முன்பே இருந்ததற்கு அதுதான் சாட்சி. மேற்பார்வையாளர் வாட்ஸ்அப் குழுவில் போடும் பணி உத்தரவுகளை அழிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆட்கள், ஒருவருக்கு எவ்வளவு ஊதியம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையும் உங்கள் கைக்கு வரும் தொகையும் வேறாக இருந்தால், அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போகாமல் உங்களோடு வேலை செய்பவர்களையும் அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போங்கள்.